கண்ணாடி அலமாரியில் ஒரு கன்று

அந்தக் கன்றுக்குட்டி இன்னும் அங்கேயே நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வாங்குவதற்காக, படிப்பு முடிந்து பத்து வருஷம் கழித்து, என் பழைய கல்லூரிக்குப் போயிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்த நேரத்தில் கால் தானாக விலங்கியல் துறைப் பக்கம் நடந்தது. மியூசியம் என்று பெரிய பெயர். உண்மையில் அது ஒரு நீளமான அறை. ஃபார்மலின் பாட்டில்களில் வெளுத்துப்போன பாம்புகள், ஒரு காது உதிர்ந்த முயல், தூசியைத் தவிர வேறெதையும் காத்துக்கொள்ளாத ஓர் ஆந்தை. கடைசி அலமாரியில் அது நின்றது. கறுப்பும் வெள்ளையுமாக, நாலு காலில், தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொண்டு.

முதல் வருஷப் பெண்கள் இரண்டு பேர் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உயிரோட இருக்கற மாதிரியே இருக்குல்ல? ச்சோ க்யூட்!"

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவர்கள்மேல் தப்பில்லை. அதை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தவள் நான்தான்.

நான் பால் குடிப்பதில்லை. காபியில், டீயில், பாயசத்தில் எதிலும் கிடையாது. ஆபீஸில் கேட்பார்கள், வேகனா, ஜீரணம் ஆகாதா, வேண்டுதலா என்று. எதைக் கேட்கிறார்களோ அதற்கு ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் எதிரே இருப்பவரின் காபி ஆறிப்போகும்.

நாங்கள் பெங்களூரில், மர்பி டவுனில் இருந்தோம். முன்னால் ஓர் அறை, அதை ஒட்டி அடுப்படி, பின்னால் தகரம் போட்ட கொட்டகை. கொட்டகையில் இரண்டு மாடு. அம்மா கறப்பாள். அப்பா சைக்கிளில் கேன்களை மாட்டிக்கொண்டு அல்சூர், இந்திரா நகர்ப் பக்கம் ஊற்றிவிட்டு வருவார். நான் ஒரே பெண். பின்பக்கக் கதவைத் திறந்தால் சாணி, மூடினால் மூத்திரம் என்று வளர்ந்தேன். ஆனால் அருவருப்பு எனக்குப் பிறவியில் வந்ததல்ல. பதினேழு வயது வரைக்கும் சாணியை வெறுங்கையால் அள்ளி வரட்டி தட்டியவள் நான். காலேஜ் பஸ்ஸில்தான் அதைக் கற்றுக்கொண்டேன். நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறப்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த ஜன்னல் கிறீச்சென்று நகரும் சத்தம் போதும். அதற்கப்புறம் தலையில் ஷாம்பூ, கையில் டெட்டால், நகக்கண்ணில் எலுமிச்சம்பழம். மூன்று வருஷம் என்னை நானே ஊறப்போட்டுத் துவைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்துச் சுரண்டுகிற வேலை. அதை நான் காலேஜில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

முதல் வைக்கோல் கன்றை நான் பார்த்தது பி.யூ.சி. படிக்கும்போது. எங்கள் மாடு ஒன்றின் கன்று செத்துப்போயிற்று. கன்று போனால் சில மாடு பாலை எக்கிக்கொள்ளும், எவ்வளவு பிழிந்தாலும் காம்பில் இறங்காது. அப்பா அன்றைக்கே கன்றின் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தடவி, உள்ளே வைக்கோலைத் திணித்து, சாக்கு ஊசியால் தைத்துவிட்டார். காலும் கிடையாது, கண்ணும் கிடையாது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு. அதைக் கொண்டுபோய் மாட்டின் முன்னால் போட்டார். மாடு அதை முகர்ந்தது, ஒருமுறை அடித்தொண்டையில் முனகியது, பிறகு நக்க ஆரம்பித்தது. அம்மாவின் பாத்திரத்தில் பால் சர்ர் சர்ரென்று விழுந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு தாயை இப்படியா ஏமாற்றுவது?

ஒரு வாரத்தில் அந்த மூட்டை நாற ஆரம்பித்தது. தையல் ஓரத்தில் புழு நெளிந்தது. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனு வாஸ்னெ இது, மனெயல்லி ஊட்டா மாடக்காகல்லா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார், இந்த நாற்றத்தில் வீட்டில் சோறு தின்ன முடியவில்லையாம். மாடு மட்டும் நக்குவதை நிறுத்தவில்லை. புழுவோடு சேர்த்து நக்கியது. அந்தப் பால் கேனில் போய், கேன் சைக்கிளில் போய், இந்திரா நகர் வீடுகளில் ஹார்லிக்ஸாகியது. அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் மோர் ஊற்ற வந்த அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன்.

"இன்னாடி மூஞ்சிய அப்பிடி வச்சிக்கினு கீற?" என்றாள் அம்மா. "ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டப் பாடிக் கறக்கணும். இது நக்கிக் கறக்குற மாடு. நான் இன்னா பண்றது?"

இது நடந்து இரண்டு மூன்று வருஷத்துக்கப்புறம், பி.எஸ்ஸி. கடைசி வருஷத்தில், எங்கள் மேடம் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதி நடுவில் கோடு போட்டு வெட்டினார். டாக்ஸிடெர்மி. ஒரு பாதி டாக்ஸிஸ், ஒழுங்காக அமைப்பது. மறு பாதி டெர்மா, தோல். இரண்டும் கிரேக்கச் சொற்கள். ஆனால் கிரேக்கர்கள் இரண்டையும் சேர்த்துச் சொன்னதில்லையாம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் பறவைத் தோலுக்குள் பஞ்சடைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஒட்டவைத்தார்களாம்.

"டாக்ஸிக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா மேடம்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லை. உட்கார்."

எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், மயங்கிவிட்டேன். உரிக்கிறது, திணிக்கிறது, தைக்கிறது என்று எங்கள் கொட்டகையில் நாறிய அதே வேலைக்கு இவ்வளவு சுத்தமான ஒரு பெயரா? நூலகத்தில் இருந்த தடித்த அகராதியை எடுத்துப் புரட்டினேன். டாக்ஸிஸ் என்பது படைவீரர்களை வரிசையில் நிறுத்துவதற்கும் வழங்கிய சொல். டெர்மாவின் வேர் உரிப்பது என்ற வினை. அதாவது உடம்பின் மேல் சூடாக இருக்கும்போது அதைப் பார்த்து வைத்த பெயரில்லை, உரித்துக் கையில் எடுத்தபிறகு வைத்த பெயர். தமிழில் பாடம் செய்வது என்கிறோம். புகையிலையையும் பாடம் செய்கிறோம், புலியையும் பாடம் செய்கிறோம். எந்த மொழியிலும் செத்ததற்கு அந்தச் சொல்லில் இடமில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனாலும் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

பிராக்டிகலில் ஆளுக்கு ஒரு செத்த புறா கொடுத்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். நான் நெஞ்சில் ஒரு கீறல் போட்டுத் தோலைச் சட்டை கழற்றுவதுபோலக் கழற்றினேன், ஓர் இறகுகூட நனையவில்லை. போராக்ஸ் தடவி, கம்பி நுழைத்து, பஞ்சடைத்து, தைத்து நிறுத்தினேன். மேடம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்ல கை உனக்கு. டாக்டர் வீட்டுப் பொண்ணா?"

"அப்பா டெய்ரி பிசினஸ் மேடம்."

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோப்புப் போட்டேன்.

அந்த வருஷம் எங்கள் இரண்டு மாட்டில் ஒன்று வற்றிக் கிடந்தது. இன்னொன்று, கறுப்பு வெள்ளைக் கலப்பினம், புதிதாகக் கன்று போட்டிருந்தது. வீடு அந்த ஒரு மாட்டின் மடியில்தான் ஓடியது. கன்று காளைக்கன்று. காளைக்கன்று என்றால் நகரத்துக் கொட்டகையில் என்ன நடக்கும் என்பதைப் பால் வாங்குகிறவர்கள் கேட்பதில்லை, விற்கிறவர்கள் சொல்வதில்லை. அதை அவிழ்த்து விடுவார்கள், நாலு முட்டு முட்டும், மாடு சுரக்கும். உடனே இழுத்துக் கட்டிவிடுவார்கள். கடைசியில் ஒட்டியிருக்கிற பால்தான் அதற்கு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வயிறு எங்களுடையது. பதினேழாம் நாள் அது கழிச்சல் கண்டு செத்தது. கழிச்சல் என்று கால்நடை டாக்டர் சொன்னார். பட்டினி என்று நான் சொல்கிறேன்.

அப்பா கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"அப்பா, இத எங்கிட்ட குடுங்க. நான் பண்றேன். நாறாது, புழு வைக்காது. பாக்க அசல் கன்னு மாதிரி இருக்கும்."

"எத்தினி நாள் ஆவும்?"

"ஆறு நாள்."

"ஆறு நாள் மாடு தாங்குமா? எக்கிக்கிச்சுன்னா அவ்ளோதான். அப்புறம் புரோக்கரக் கூப்பிட வேண்டியதுதான்."

புரோக்கர் கையில் போகிற மாடு எங்கே போகும் என்று தெருவில் குழந்தைக்கும் தெரியும். ஊசி என்று ஒரு வழி இருந்தது. அந்த நாளில் பல கொட்டகைகளில் லேபிள் இல்லாத சின்னக் குப்பியில் வைத்திருப்பார்கள், போட்ட இரண்டு நிமிஷத்தில் மாடு தன்னையறியாமல் பாலைக் கொட்டிவிடும். அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டாள். "அந்தத் தெருவுல எத்தன கொழந்த குடிக்குது. ஊசி போட்டுக் கறந்தா ஒரு சொட்டு விக்கமாட்டேன்" என்று ஒரே பேச்சு. தவிடும் பிண்ணாக்கும் காட்டி ஆறு நாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவளே எனக்காகச் சொன்னாள். படித்த பெண் சொல்கிறாள் என்று நம்பினாள்.

லேப் கோட்டைப் போட்டுக்கொண்டு கொட்டகையின் மூலையில் உட்கார்ந்து நானே உரித்தேன். புறா வேறு, கன்று வேறு. வயிற்றைக் கீறியதும் வெதுவெதுப்பான ஒரு புளித்த வாடை முகத்தில் அடித்தது. நாலு வயிற்றிலும் ஒரு பிடிகூட ஒன்றுமில்லை. கால் குளம்பு வரைக்கும் தோலைத் திருப்பி எடுப்பதற்குள் கோட்டு முன்பக்கம் முழுக்க ரத்தமும் கொழுப்பும் கழிச்சலும். பத்தடி தள்ளிக் கட்டியிருந்த தாய் முழு நேரமும் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. முடித்ததும் கோட்டைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் எறிந்தேன், எரித்துவிடலாம் என்று. பிறகு குளித்தேன். பிறகு மறுபடியும் குளித்தேன்.

உப்பில் இரண்டு நாள், படிகாரத் தண்ணீரில் ஒரு நாள். கொழுப்பைச் சுரண்டிச் சுரண்டித் தோல் துணிபோல ஆயிற்று. உள்பக்கம் போராக்ஸ். கால்களுக்குள் ஃபார்மலின். மரச்சட்டத்தில் கம்பி கட்டி, தேங்காய் நார் சுற்றி, அதற்கு மேல் பஞ்சு. மேடம் ஸ்டோரிலிருந்து பழுப்புக் கண்ணாடிக் கண் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். பூச்சி வராமல் இருக்க வயிற்றுக்குள் நாஃப்தலீன் உருண்டை ஒரு பாக்கெட். தையல் வெளியே தெரியவில்லை. கடைசியில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முடியை வாரிவிட்டேன்.

அந்த ஆறு நாளில் மாட்டின் பால் பாதியாகி, கால்வாசியாகி, மடி கல்போல இறுகிவிட்டது. அம்மா தொட்டால் உதைத்தது. புரோக்கர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்து, "பாவம்மா, எவ்ளோ கஷ்டப்படுது வாயில்லா ஜீவன்" என்று உச்சுக் கொட்டினார்.

"ஆடு நனையுதுன்னு ஓநா அழுதுச்சாம். போய்யா" என்று அம்மா விரட்டினாள். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை.

ஆறாம் நாள் மத்தியானக் கறவைக்கு, மூன்று மணிக்கு, கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டின் முன்னால் நிறுத்தினேன். அப்பாவே ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். கன்று இப்போதே ஓடிவந்து முட்டப்போகிறது என்பதுபோல நின்றது. மாடு கழுத்தை நீட்டியது. கன்றின் முதுகை, காதை, வாலடியை ஒருமுறை முகர்ந்தது. பிறகு மூக்கால் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவுதான். நான் கன்றை இன்னும் கிட்டே தள்ளினேன். மாடு பின்காலால் பாத்திரத்தை உதைத்து உருட்டியது.

அந்தக் கொட்டகையில் நாஃப்தலீன் வாடை தூக்கியது. அதை அப்போதுதான் நான் கவனித்தேன். மூன்று வருஷம் விலங்கியல் படித்தவள், ஒரு தாய் தன் பிள்ளையை எதைக்கொண்டு அடையாளம் காணும் என்று ஆறு நாளில் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. கன்றை மனுஷக் கண்ணுக்குச் செய்திருக்கிறேன். அப்பாவின் நாறிய மூட்டைக்குக் கண் இல்லை, கால் இல்லை. ஆனால் அதில் கன்று இருந்தது. என்னுடையதில் எல்லாம் இருந்தது, கன்றைத் தவிர.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். யாரைக் கூப்பிடப் போகிறார் என்று தெரிந்தது.

அம்மாதான் திரும்பி என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு உரிக்கச்சொல ஒரு கோட்டு போட்டுக்கினு இருந்தியே, அது எங்க?"

டிரம்முக்குப் பின்னாலிருந்து கவரை இழுத்து முடிச்சை அவிழ்த்தேன். ஆறு நாள் மூடிக் கிடந்த வாடை. அதை எழுதினால் நீங்கள் படிக்கமாட்டீர்கள். இரண்டு விரலால் காலரைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாட்டின் முன்னால் நீட்டினேன். மாடு கயிறு அறுந்துவிடும்போல முன்னால் வந்தது. கத்தியது. அப்படியொரு கத்தலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நாக்கால் சட்டைக் கையை வளைத்து இழுத்து வாய்க்குள் கொண்டுபோயிற்று.

"ஐயோ, தின்னப் போவுதுடி! மேல போட்டுக்கினு நில்லு!"

"அம்மா, என்னால முடியாது."

"போடுடி! உங்கப்பன் தெருமொன போறதுக்குள்ள!"

போட்டுக்கொண்டேன். ஈரமாகவும் விறைப்பாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. வாந்தி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. மாடு என் மணிக்கட்டில் ஆரம்பித்து, கையின் மேலே, தோளில், கழுத்தில், காதுக்குப் பின்னால், உப்புத்தாள் போன்ற நாக்கால் இழுத்து இழுத்து நக்கியது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சர்ர் சர்ரென்று பாத்திரத்தில் சத்தம் கேட்டது. அம்மா அழுதுகொண்டே கறந்தாள்.

புரோக்கர் வந்தபோது அப்பா அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

அன்று முதல் காலை ஐந்து மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் நான்தான் கன்று. மத்தியானம் வகுப்பை விட்டு ஓடிவருவேன். கோட்டைத் துவைக்கக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. எச்சில் காய்ந்து, அதன்மேல் எச்சில் காய்ந்து, அது தகரம்போல ஆயிற்று. காலையில் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தேய்த்துக் குளித்து பஸ் ஏறுவேன். குளித்து என்ன, முடிக்குள் அந்த வாடை போகாது. நான் செய்த கன்றை ஆட்டோவில் ஏற்றிக் காலேஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மேடம் சந்தோஷத்தில் பிரின்சிபாலைக் கூட்டிவந்து காட்டினார். துறைக் கண்காட்சியில் அதுதான் நடுவில் நிற்கும் என்றார். பஞ்சடைத்தது அங்கே ஜம்மென்று நின்றது, நான் இங்கே கொட்டகையில் நின்றேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, கோட்டு கையோடு கிழிந்துபோனது. கோட்டில்லாமல் வெறுங்கையோடு போய் நின்றேன். மாடு என் கையை முகர்ந்தது, நக்கியது, சுரந்தது. அதற்கு இனிமேல் கோட்டு தேவைப்படவில்லை. குமட்டல் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. சில நாள் அதன் நெற்றியில் என் நெற்றியை வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் நிற்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி மூன்றாவதற்கு முன்னாலேயே நானாகப் போய் நின்றிருந்தேன். அதைக் கவனித்த அம்மா சிரித்தாள், நான் முறைத்தேன்.

பிறகு அந்த பஸ். எனக்குத் தோழி என்று சொல்ல வகுப்பில் ஒருத்திதான் இருந்தாள். இந்திரா நகர், அவளும் தமிழ்தான். ஜன்னலைத் திறக்காதவள் அவள் ஒருத்தி. அன்று என் கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சிவந்து, உரிந்து, புள்ளி புள்ளியாக ரத்தம் கட்டியிருந்தது.

"இது என்னப்பா, அலர்ஜியா? ஒரு நல்ல ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பையிலிருந்து சின்ன ஸெண்ட் பாட்டில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "வச்சுக்கோ. எங்கிட்ட வேற இருக்கு. தப்பா நினைச்சுக்காத."

அவள் நல்லவள். அன்பாகத்தான் கொடுத்தாள். அந்த அன்பு என்னைச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. ஜன்னலைத் திறந்தவர்களை நான் வெறுக்க முடிந்தது, இவளை முடியவில்லை. மீதி வெறுப்பு முழுக்க எங்கே போவது? வீட்டுக்குப் போய்ப் பையை எறிந்துவிட்டு அம்மாவிடம் கத்தினேன். "நாளைலேர்ந்து நான் நிக்கமாட்டேன். நான் மனுஷி. மாட்டுக்குப் பொறந்தவ இல்ல."

அம்மா கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், தேங்காயெண்ணெய் எடுத்து வந்து தடவினாள். "சரி. படிக்கிற பொண்ணு. உனக்கும் பேஜாராத்தான் இருக்கும்" என்றாள்.

நாலு நாள். மாடு மூன்று மணிக்கெல்லாம் கொட்டகையிலிருந்து கூப்பிட ஆரம்பிக்கும். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு படித்தேன். முதல் நாள் பால் பாதி. இரண்டாம் நாள் மடி இறுகியது. மூன்றாம் நாள் கட்டிகட்டியாக, ரத்தம் கலந்து வந்தது. அப்பா அதைச் சாக்கடையில் ஊற்றினார். நாலாம் நாள் சாயங்காலம் வாசலில் புரோக்கரின் குரல் கேட்டது. இந்தமுறை அம்மா பழமொழி எதுவும் சொல்லவில்லை.

நான் போய் நின்றிருக்கலாம். அந்த நாலு நாளில் எந்த மூன்று மணிக்கும் பத்து நிமிஷம் போதும். போகவில்லை. அருவருப்பாக இருந்தது என்று அப்போது எனக்குச் சொல்லிக்கொண்டேன். மாடு நக்கியதில் அருவருப்பில்லை, அந்த ஸெண்ட் பாட்டிலை வாங்கிக்கொண்ட வெட்கம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலேஜில் கண்காட்சி. இஸ்திரி போட்ட சுடிதார், புதுச் செருப்பு, மணிக்கட்டு இரண்டிலும் கழுத்திலும் அந்த ஸெண்ட். நான் புறப்பட்டுக் குழாயடிக்கு வந்தபோது, புரோக்கர் மாட்டைச் சந்து வழியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா பின்னாலேயே வந்தாள். சந்து குறுகல், மாடு என்னை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். என்னைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. புரோக்கர் கயிற்றைச் சுண்டினார், அது அசையவில்லை. அடித்தொண்டையில் முனகியது.

என்னால் தாங்க முடியவில்லை. சுடிதார் போனால் போகிறது என்று கையை நீட்டினேன். முழுக்கையையும் மேலே சுருட்டிக்கொண்டு, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் நீட்டினேன்.

மாடு கழுத்தை நீட்டி என் மணிக்கட்டை முகர்ந்தது. இன்னொருமுறை முகர்ந்தது. மூக்கால் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு புரோக்கர் இழுத்த பக்கம் தானாகவே நடந்தது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் சுடிதார்க் கையை இறக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.